ஓங்கிய கோலும் ஓயாத நாவும்

வாய்ப்பூட்டு என்னும் சொல் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில், தமிழகத்து மேடைகளில் விடுதலை பேசிய தலைவர்களை வாய் திறக்கவொட்டாமல் தடுத்த உத்தரவுகளுக்கு நம்மவர் இட்ட பெயர் அது. ஆளுவோர் தம்மைக் குறைகூறுவோரின் நாவைக் கட்டக் கையாண்ட கருவியாதலின், அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் உள்ளம் கட்டுண்டவன் பக்கம் சாய்வது இயல்பே. ஆனால், அண்மை ஆண்டுகளில் அமெரிக்க நீதிமன்றங்கள் பிறப்பித்த வாய்ப்பூட்டு ஆணைகள் வேறு வகையின. அவை கட்ட முயன்றது, உலகில் மிகுதியாகக் கேட்கப்படும் நாவுகளுள் ஒன்றை. காக்க முயன்றது, பெயரறியாத எளியோர் சிலரை. அம்முயற்சி எவ்வளவு வென்றது, எங்கே தளர்ந்தது, அத்தளர்ச்சிக்குப் பெயர் கண்ணோட்டமா அச்சமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று ஆணைகள்

டோனல்ட் டிரம்ப் 2017 முதல் 2021 வரை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அதிபராக இருந்தார். 2024 நவம்பர்த் தேர்தலில் வென்று, 2025 ஜனவரி 20-இல் மீண்டும் அப்பதவியை ஏற்றார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்மீது நான்கு குற்ற வழக்குகள் தொடுக்கப்பட்டன. உரிமையியல் வழக்குகளும் நடந்தன. அக்காலத்தே மூன்று நீதிபதிகள் அவர் நாவுக்கு எல்லை வகுத்தனர்.

முதலாமவர், நியூயார்க்கில் மோசடி பற்றிய உரிமையியல் வழக்கை விசாரித்த ஆர்தர் எங்கொரோன். தம் அலுவலகத்துப் பெண் உதவியாளர் ஒருவரை இழித்து டிரம்ப் சமூக ஊடகத்தில் எழுதியதன் பேரில், 2023 அக்டோபர் 3-ஆம் நாள், தம் அலுவலர்களைப் பற்றித் தரப்பினர் எவரும் பேசலாகாதென அவர் ஆணையிட்டார். அவ்வெழுத்து டிரம்பின் தேர்தல் இணையதளத்தில் நீக்கப்படாமல் கிடந்தமையால் அக்டோபர் 20-இல் 5,000 டாலரும், மீண்டும் மீறியமைக்காக அக்டோபர் 25-இல் 10,000 டாலரும் அபராதம் விதித்தார்.

இரண்டாமவர், 2020 தேர்தல் முடிவைப் புரட்ட முயன்றதாகச் சாட்டப்பட்ட வழக்கை வாஷிங்டனில் விசாரித்த தான்யா சட்கன். அவர் 2023 அக்டோபரில் பிறப்பித்த ஆணையை மேல்முறையீட்டு மன்றம் டிசம்பர் 8-இல் பெரும்பாலும் ஏற்றது. எனினும் சில இடங்களில் சுருக்கி, அரசுத் தரப்பை நடத்திய ஜாக் ஸ்மித்தைக் குறைகூறும் உரிமை டிரம்புக்கு உண்டென்றது.

மூன்றாமவர் நியூயார்க் நீதிபதி ஜுவான் மெர்ச்சான். 2016 தேர்தலுக்கு முன் ஒரு நடிகையின் வாயை அடைக்கக் கொடுத்த 1,30,000 டாலரை மறைக்க வணிகக் கணக்கில் பொய் எழுதியதாக 34 குற்றச்சாட்டுகள் கொண்ட வழக்கு அது. ஒரு வாயை அடைக்கப் பணம் கொடுத்தது பற்றிய வழக்கிலே, கொடுப்பித்தவர் வாயை அடைக்க நீதிமன்றம் முயல நேர்ந்தது காலத்தின் விந்தை! மெர்ச்சானின் ஆணை 2024 மார்ச் 26-இல் பிறந்தது. ஏப்ரல் 1-இல், நீதிபதி, மாவட்ட வழக்கறிஞர் ஆகியோரின் குடும்பத்தாரும் அதன் காப்புக்குள் கொண்டுவரப்பட்டனர். இனி நாம் சிறப்பாக நோக்குவது இம்மூன்றாம் ஆணையையே.

பூட்டு யாருக்கு, காப்பு யாருக்கு?

ஓர் ஆணையின் தரத்தை அறிய, அது யாரைக் காக்கிறது என்று முதலில் வினவல் வேண்டும். மெர்ச்சானின் ஆணை சாட்சிகளைக் காத்தது, ஜூரிகளைக் காத்தது, நீதிமன்ற அலுவலர்களையும் கீழ்நிலை வழக்கறிஞர்களையும் காத்தது. ஆனால், நீதிபதியாகிய தம்மையோ, வழக்குத் தொடுத்த மாவட்ட வழக்கறிஞர் ஆல்வின் பிராகையோ அது காக்கவில்லை. இவ்விருவரையும் டிரம்ப் தாராளமாகத் தாக்கலாம், தாக்கவும் செய்தார். அதிகாரமுடையோர் வசைக்குத் தோள் கொடுக்க, அதிகாரமற்றோர் அவர்கள் நிழலில் நிற்கும்படி வகுத்த அமைப்பு இது. வெள்ளையர் காலத்து வாய்ப்பூட்டு ஆண்டவனைக் காத்தது. இது ஆளப்படுவோனைக் காக்கிறது. ஆதலின், கருத்துரிமையின் பெயரால் இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது பொருந்தாது. நியூயார்க்கின் மேல்மன்றங்களும் இவ்வாணையை நீக்க மறுத்தன.

நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டு முதல் ஜூரி முறை இல்லை; ஆகவே ஜூரியின் நிலை நம் இளைஞர்க்கு எளிதில் விளங்காது. வேலைக்குச் செல்லும் சாதாரணக் குடிமக்கள் பன்னிருவர், சில கிழமைகள் நீதியின் ஆசனத்தில் அமர்ந்துவிட்டு, மறுபடி தம் தெருவுக்கே திரும்ப வேண்டியவர்கள். அவர்களுக்கு மெய்க்காப்பாளர் இல்லை. கோடிக்கணக்கானோர் பின்தொடரும் ஒருவர் அவர்களைப் பற்றிச் சொல்லும் ஒரு சொல், அவர்கள் வீட்டு வாயில்வரை வரக்கூடும். அஞ்சிய ஜூரி அளிக்கும் தீர்ப்பு எவ்வழிச் சாய்ந்தாலும் தீர்ப்பாகாது.

வள்ளுவர் வகுத்த வழி

திருக்குறளின் 57-ஆம் அதிகாரம் வெருவந்த செய்யாமை. அதிலே வள்ளுவர், ஆட்சி நெடிது நிற்க விரும்புவோர் கோலை ஓங்கும்போது கடுமையாக ஓங்கி, அடிக்கும்போது மென்மையாக அடிக்க வேண்டும் என்று கூறுவார். ஆசிரியப் பயிற்சி பெற்ற எவர்க்கும் இக்கருத்தின் அருமை தெரியும். தண்டனையின் வன்மையைவிட, அது தப்பாமல் வரும் என்ற உறுதியே மாணவனைத் திருத்துகிறது என்பது பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் கற்ற முதற்பாடம். ஓங்கிய கோல் ஒருமுறையும் இறங்காவிடில், அது கோலன்று. வகுப்பறையின் அலங்காரப் பொருள்.

மெர்ச்சானின் செயலை இவ்வளவுகோலால் அளப்போம். 2024 ஏப்ரல் 15-இல் வழக்கு விசாரணை தொடங்கிற்று. ஏப்ரல் 30-இல் ஒன்பது மீறல்கள் மெய்ப்பட்டன என்று கண்டு, மீறலுக்கு 1,000 டாலர் வீதம் 9,000 டாலர் அபராதம் விதித்தார். அவ்வெழுத்துகளை அன்றே நீக்கவும் ஆணையிட்டார். மே 6-இல் பத்தாவது மீறலுக்கு மேலும் 1,000 டாலர். அப்பத்தாவது, ஜூரிகள் எக்கட்சியார் என்று பழித்துப் பேசியது. அன்று நீதிபதி வெளிப்படையாகவே சொன்னார்: அபராதம் பயனளிக்கவில்லை, சிறைக்கு அனுப்புவது தாம் கடைசியாக விரும்பும் செயல், எதிரே இருப்பவர் முன்னாள் அதிபர், ஒருகால் அடுத்த அதிபரும் ஆகக்கூடும், ஆயினும் இனி மீறினால் சிறையை எண்ணிப் பார்க்க நேரும் என்று.

ஏன் ஆயிரம் டாலர்? நியூயார்க் சட்டம் இத்தகைய அவமதிப்புக்கு வகுத்த உச்ச அபராதம் அதுவே. மற்றொரு தண்டனை, முப்பது நாள்வரை சிறை. இவ்விரண்டுக்கும் இடையே படி ஏதும் இல்லை. எளிதில் கட்டக்கூடியவருக்கு ஆயிரம் டாலர் தண்டனையாகாதென்று நீதிபதியே தம் ஆணையில் எழுதி வருந்தினார். அதே ஏப்ரல் முதல் நாளில், மேற்சொன்ன மோசடி வழக்கில் 17 கோடியே 50 லட்சம் டாலருக்குப் பிணை காட்டியவர் டிரம்ப் என்பதை நினைத்தால், அவ்வருத்தத்தின் நியாயம் விளங்கும். கூலிக்காரனுக்கு ஆயிரம் டாலர் ஒரு மாத உணவு; கோடீசுவரனுக்கு அது பேசுவதற்குக் கட்டும் நுழைவுச் சீட்டு.

ஆகவே, நீதிபதி கோழை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது முறையாகாது. சட்டம் அவர் கையில் ஒரு துரும்பையும் ஓர் உலக்கையையும் மட்டுமே கொடுத்திருந்தது. துரும்பால் அடித்தால் உறைக்காது. உலக்கையை எடுத்தால் வழக்கே சிதையும். வேட்பாளராயிருந்த முன்னாள் அதிபரை, அரசாங்கக் காவலர் சூழச் சிறையில் வைப்பதிலுள்ள இடர்களையும் அவர் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது.

தடை விடை

மே 6-க்குப் பின் புதிய மீறல் எதுவும் நீதிமன்றத்தால் மெய்ப்படவில்லை. ஆகவே எச்சரிக்கை பலித்தது. வள்ளுவர் சொன்னபடியே நடந்தது என்று அன்பர் சிலர் கூறக்கூடும். இத்தடை வலியுடையதே. ஆயினும் அதற்கு இருவகை விடை உண்டு.

ஒன்று, பத்தாம் மீறலுக்குப் பிறகு பலித்த எச்சரிக்கை முதலாம் மீறலுக்குப் பிறகே பலித்திருக்கலாம் என்பது. சாட்சிகளைப் பற்றிச் சொல்லப்பட்டவை சொல்லப்பட்டவையே. நாவினின்று விழுந்த சொல்லை அபராதம் மீட்பதில்லை.

மற்றொன்று, பூட்டிய நாவுக்கு இரவல் நாக்குகள் கிடைத்தன என்பது. மே மாத நடுவில் டிரம்பின் கட்சித் தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராக நீதிமன்றத்துக்கு வந்து, வாயிலில் நின்று வழக்கைப் பழித்தனர். மே 14-இல் மக்களவையின் தலைவர் மைக் ஜான்சனே வந்து பேசினார். அவர்கள் ஆணைக்கு உட்பட்டவர் அல்லர். பேசும் உரிமை அவர்களுக்கு உண்டு. எனினும், சாதாரணக் குற்றவாளிக்கு இத்தகைய இரவல் நாக்கு எங்கே கிடைக்கும்? நாட்டின் மூன்றாம் உயர்பதவியாளர் எவனுக்காகத் தெருவில் நின்று பேசுவார்? வாய்ப்பூட்டு எல்லோர்க்கும் ஒன்றேயாயினும், அதன் இறுக்கம் ஒன்றன்று.

இருவேறு அளவுகள்

இவ்விடத்தே வேறு இருவர் நிலையை ஒப்பு நோக்குதல் தகும். முதலாமவர் மைக்கேல் கோஹன். டிரம்பின் வழக்கறிஞராயிருந்து, மேற்சொன்ன 1,30,000 டாலரைத் தம் கையால் கொடுத்தவர் இவர். அதன் பொருட்டும், வரி ஏய்ப்பு முதலிய பிற குற்றங்களின் பொருட்டும் 2018 டிசம்பரில் மூன்றாண்டுச் சிறை பெற்றார். 2020 மே மாதத்தில், பெருந்தொற்றுக் காரணமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஜூலை 9-இல், செய்தியாளரிடம் பேசலாகாது, நூல் வெளியிடலாகாது என்னும் நிபந்தனைகளுக்கு அவர் தயங்கியபோது, மீண்டும் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அது பழிவாங்கும் செயல் என்று நீதிபதி ஆல்வின் ஹெல்லர்ஸ்டைன் ஜூலை 23-இல் தீர்த்து, அவரை விடுவிக்க ஆணையிட்டார். சிறைக்கனுப்பியது சிறைத்துறை, விடுவித்தது நீதிமன்றம் என்பதை மறத்தலாகாது. ஆயினும், ஒரே பணக் கொடுக்கலில் ஏவப்பட்டவன், பூட்டை ஏற்கத் தயங்கியதற்கே சிறைக்குள் பதினைந்து நாள் கழித்தான். ஏவியவரோ, பூட்டைப் பத்து முறை உடைத்தும் ஒருநாளும் உள்ளே இருந்திலர்.

இரண்டாமவர், எஃப்.டி.எக்ஸ். என்னும் மின்நாணய நிறுவனத்தை நடத்திய சாம் பேங்க்மன்-ஃபிரைட். சாட்சி சொல்ல இருந்த ஒரு பெண்ணின் அந்தரங்கக் குறிப்புகளைச் செய்தித்தாளுக்குக் கொடுத்ததன் பேரில், சாட்சியைக் கலைக்க முயன்றவர் எனக் கருதி, 2023 ஆகஸ்ட் 11-இல் நியூயார்க்குக் கூட்டரசு நீதிமன்றம் அவர் பிணையை நீக்கிச் சிறைக்கு அனுப்பிற்று. இரு வழக்குகளின் சட்ட நெறி ஒன்றன்று, இதனை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும், செல்வம் மட்டும் ஒருவனைக் காப்பதில்லை, செல்வத்தோடு வாக்குச் சீட்டும் பின்னிற்க வேண்டும் என்னும் பாடத்தை உலகம் இவ்விரண்டிலிருந்தும் கற்றுக்கொள்ளுமானால், அவ்வுலகத்தை யார் குறைகூற முடியும்?

மற்றொரு கரை

நிற்க. கடுமையே நீதி என்று முடித்துவிடலாமோ எனின், பிரேசில் நாட்டு நிகழ்ச்சிகள் நம்மை நிதானிக்கச் செய்கின்றன. 2019 முதல் 2022 வரை அந்நாட்டின் அதிபராயிருந்த ஜாயிர் பொல்சொனாரோ, தேர்தலில் தோற்றபின் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்ததாக வழக்குக்குள்ளானார். 2025 ஜூலை 18-இல் உச்சநீதிமன்ற நீதிபதி அலெக்சாண்டர் டி மொராயஸ், அவர் காலில் கண்காணிப்புக் கருவி பூட்டவும், சமூக ஊடகத்தை அவர் பயன்படுத்தாதிருக்கவும் ஆணையிட்டார். பொல்சொனாரோ தம் மக்களின் கணக்குகள் வாயிலாகப் பேசியதாகக் கண்டு, ஆகஸ்ட் 4-இல் அவரை வீட்டுக் காவலில் வைத்தார். செப்டம்பர் 11-இல் 27 ஆண்டும் 3 மாதமும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இரவல் நாக்குக்கும் விடை கண்ட நீதிமன்றம் இது. பதினேழு நாளில் கோல் இறங்கிவிட்டது.

இதனை முழுமனத்தோடு பாராட்ட இயலவில்லை. அச்சதியில் கொல்லப்பட இருந்தோருள் ஒருவராக மொராயஸின் பெயரும் புலன்விசாரணையில் வெளிவந்தது. தம் உயிருக்கு உலைவைக்க எண்ணியவர் என்று சாட்டப்பட்டவர்க்குத் தாமே ஆணையிட்டு, மீறலையும் தாமே கண்டு, தண்டனையையும் தாமே தொடங்கிவைப்பது, எவ்வளவு நேர்மையாளர்க்கும் கடினமான நிலை. நீதி நடந்தால் போதாது. நடந்ததென்று எதிரியும் ஒப்புமாறு நடத்தல் வேண்டும். வள்ளுவர் செங்கோன்மையை அடுத்துக் கொடுங்கோன்மையை வைத்தது காரணமின்றியன்று. இரண்டுக்கும் இடையே உள்ளது ஒரு சுவரின் கனமே.

தீர்ப்பு நாள்

மீண்டும் நியூயார்க்குக்கு வருவோம். 2024 மே 30-இல் ஜூரிகள் பன்னிருவரும் 34 குற்றச்சாட்டுகளிலும் டிரம்பைக் குற்றவாளி என்றனர். தண்டனை நாள் ஜூலை 11 என்று குறிக்கப்பட்டு, செப்டம்பர் 18-க்கும், பின்னர் நவம்பர் 26-க்கும் தள்ளிப்போய், தேர்தலும் முடிந்து, 2025 ஜனவரி 10-இல் வந்தது. அன்று மெர்ச்சான் விதித்தது, சிறையுமன்று, அபராதமுமன்று, நன்னடத்தைக் கண்காணிப்புமன்று, நிபந்தனையற்ற விடுவிப்பு. குற்றம் நிற்கும், தண்டனை இல்லை. அதிபர் பதவிக்குரிய காப்பு அப்பதவிக்கே உரியது, வகிப்பவர்க்கு உரியதன்று, அது குற்றத்தின் கனத்தைக் குறைப்பதுமன்று என்று அவர் விளக்கினார்.

இவ்விளக்கத்தில் ஒரு முரண் உளது. காப்பு பதவிக்கே உரியதெனின், ஜனவரி 10-இல் டிரம்ப் அப்பதவியில் இல்லை. பதவியேற்பு பத்து நாள் கழித்தே. ஆகவே, அன்று காப்பளிக்கப்பட்டது வரவிருந்த பதவிக்கு. வரவிருக்கும் அதிகாரத்துக்கு முன்கூட்டியே வழிவிடும் நீதி, அடுத்த முறை வேட்பாளனுக்கும் வழிவிட நேரும். அதற்கடுத்த முறை வேட்பாளனாகத் துணியும் எவனுக்கும் வழிவிட நேரும். குற்றம் சாட்டப்பட்டோன் தப்பும் வழி வாக்குச் சாவடி வழியே செல்கிறது என்றாகிவிடும். 2025 அக்டோபரில் டிரம்ப் இத்தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்தார். அவர் குற்றவாளியா அல்லரா என்பது இக்கட்டுரையின் பொருளன்று. குற்றவாளி என்று ஜூரிகள் தீர்த்த பின்னர் நீதிபதி செய்ததே நம் ஆராய்ச்சிக்குரியது.

நம் நாட்டுச் செய்தி

இந்நாட்டிலும் வாய்ப்பூட்டு பேசப்பட்டதுண்டு, ஆனால் தலைகீழாக. முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் 2018 ஜூலையில் குற்றஞ்சாட்டப்பட்டபோது, தம் வழக்கைப் பற்றிப் பிறர் பேசலாகாதெனத் தாமே தடை வேண்டினார். இடைக்காலமாகக் கிடைத்த தடை ஆகஸ்டில் நீங்கிற்று. 2020 ஜூலை 28-இல் எஸ்.ஆர்.சி. வழக்கில் 12 ஆண்டுச் சிறையும் 21 கோடி ரிங்கிட் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீடு முடியும்வரை பிணையில் வெளியே இருந்து, மலாக்கா, ஜொகூர்த் தேர்தல் மேடைகளிலும் பேசினார். இச்சலுகையைக் கண்டு முணுமுணுத்தோர் பலர். ஆயினும் 2022 ஆகஸ்ட் 23-இல் கூட்டரசு நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. அன்றே சிறைக்கதவு திறந்து மூடிற்று. 2024 பிப்ரவரியில் அத்தண்டனை பாதியாகக் குறைக்கப்பட்டதாக மன்னிப்பு வாரியம் அறிவித்தது, நீதிமன்றத்தின் தளர்ச்சியாகாது. அஃது அரசமைப்பு வேறிடத்தில் வைத்த அதிகாரம். 2025 டிசம்பர் 26-இல் 1எம்டிபி வழக்கில் மேலும் 15 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. காலம் தாழ்த்தி வந்தாலும், வர வேண்டிய இடத்துக்குக் கோல் வந்து சேர்ந்தது.

கண்ணோட்டமும் முறையும்

கண்ணோட்டம் தீது என்பார் அல்லர் வள்ளுவர். அதற்கென்றே 58-ஆம் அதிகாரம் வகுத்தார். ஆனால், தம் கடமை சிதையாதபடி கண்ணோட வல்லார்க்கே உலகம் உரியதென்று எல்லையும் கட்டினார். செங்கோன்மை அதிகாரத்திலோ, முறை செய்வோன் எவரிடத்தும் தாட்சணியம் பாராமல் ஆராய்ந்து செய்ய வேண்டுமென்பார். இரண்டையும் இணைத்து நோக்கின், இரக்கம் காட்டலாம், ஆனால் அது ஆளைப் பார்த்து வரலாகாது என்பது பெறப்படும்.

இக்குறை நீங்க மூன்று வழிகள் எமக்குத் தோன்றுகின்றன. முதலாவது, அவமதிப்பு அபராதத்தை வருவாய்க்கேற்ப விதித்தல். ஃபின்லாந்து, ஜெர்மனி முதலிய நாடுகளில் பொதுக் குற்றங்களுக்கு நாள் வருவாயைக் கணக்கிட்டு அபராதம் விதிக்கும் முறை நெடுங்காலமாக உள்ளது; துரும்புக்கும் உலக்கைக்கும் இடையே ஒரு பிரம்பு அதனால் கிடைக்கும். இரண்டாவது, ஆணை பிறக்கும் நாளிலேயே முதல் மீறலுக்கு இன்னது, இரண்டாம் மீறலுக்கு இன்னது என்று படிவரிசையை அறிவித்துவிடல். பின்னர் நீதிபதி எதிரியின் முகத்தைப் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை. அட்டவணையைப் பார்த்தால் போதும். மூன்றாவது, மீறலை விசாரிக்கும் பொறுப்பை வேறொரு நீதிபதியிடம் ஒப்படைத்தல். தயக்கம், சினம் ஆகிய இரு பழிகளும் இதனால் நீங்கும்.

அயல்நாட்டு அதிபரின் அபராதத்தால் தோட்டப்புறத்து மக்களுக்கு ஆவதென்ன என்று கேட்கலாம். ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் துரையின் சொல்லே சட்டம். மண்டோர் செய்த பிழைக்கும் பால்மரம் வெட்டும் தொழிலாளி செய்த பிழைக்கும் ஒரே அளவுகோல் இருந்ததில்லை. அவ்வேலிக்கு வெளியே, ஆளைப் பாராத சட்டம் ஒன்று உண்டு என்ற நம்பிக்கையே நம் பெற்றோரைத் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவைத்தது. இன்று அப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் பள்ளித் திடலில் நின்று ருக்குன் நெகாராவைச் சொல்கிறார்கள். அதன் நான்காம் கோட்பாடு சட்டத்தின் மேலாண்மை. அச்சொல்லைச் சொல்லும் சிறுவர் கையிலே இன்று கைப்பேசியும் இருக்கிறது. உலகின் நீதிமன்றங்கள் யாருக்கு எப்படி நடக்கின்றன என்பதை அவர்கள் அன்றன்றே காண்கிறார்கள்.

ஆசிரியர் சொல்லும் நீதியும் உலகம் காட்டும் நீதியும் வேறுபட்டால், பிள்ளை எதனைக் கற்றுக்கொள்ளும் என்பதில் ஐயமில்லை. நியூயார்க்கு நீதிபதி பத்து முறை ஓங்கிய கோல் பதினோராம் முறை இறங்கியிருக்குமோ, யாரறிவார்? ஆனால், பத்தாம் முறைவரை இறங்காதிருந்ததன் காரணத்தை அவரே தம் வாயால் சொல்லிவிட்டார். குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் நாளை யாராவார் என்று எண்ணாமல், இன்று என்ன செய்தார் என்று மட்டுமே எண்ணும் ஆசனமே நீதியாசனம்.